வயிற்றில் பட்ட கதிர், பிறந்தபின் நடத்தை: "எலியில் நிரூபித்தாயிற்று" என்று யாராவது சொன்னால் எப்படி விசாரிப்பது

வன்னியில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கதிர்வீச்சுப் பட்டால் அது துடியாட்டமாக, படிப்பு ஏறாத பிள்ளையாகப் பிறக்கும், எலிகளில் செய்து நிரூபித்துவிட்டார்கள் என்று ஒரு குரல்பதிவு வட்ஸ்அப்பில் சுற்றும். அதைக் கேட்ட ஒருத்தி வாரக்கணக்காக இருமிக்கொண்டே நெஞ்சு எக்ஸ்றே எடுக்கப் போகாமல் இருப்பாள். இன்னொருத்தி வெளிநாட்டு விசா மெடிக்கலுக்கு எக்ஸ்றே எடுத்து முடித்த பிறகுதான் நாள் தள்ளிப்போயிருப்பதைக் கவனித்திருப்பாள், அதற்குப் பிறகு ஒழுங்கான நித்திரை இருக்காது.

எலிகளில் செய்தது உண்மை. பாதிப்பு வந்ததும் உண்மை. ஆனால் கருக்காலத்தின் எந்த நாளில், எவ்வளவு கதிர், எந்தக் குட்டிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள் என்ற மூன்றையும் சொல்லாமல் "எலியில் நிரூபித்தாயிற்று" என்று மட்டும் சொன்னால் அதில் எந்தத் தகவலும் இல்லை. உயர்தரத்தில் உயிரியல் எடுக்கும் பிள்ளைகளுக்கும், படிப்பிக்கிறவர்களுக்கும், வீடு வீடாகப் போகும் மருத்துவ மாதுகளுக்கும், இப்படியான செய்தி கையில் வந்தால் எந்த ஒழுங்கில் விசாரிப்பது என்று எழுதிவைக்கிறேன். நீளமாகத்தான் இருக்கும், இரண்டு தரமாக வாசியுங்கள்.

முதலில் எந்தக் கதிர் என்று கேளுங்கள்

"சேர், டவருக்குப் பக்கத்தில இருந்தா வயித்துப் பிள்ளைக்கு ஒண்டும் செய்யாதோ?" கிளிநொச்சியில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். கைபேசிக் கோபுரத்திலிருந்து வருவது வானொலி அலை வகை. அதற்கு அணுவிலிருந்து இலத்திரனைப் பிடுங்கி எறியும் சக்தி இல்லை. எக்ஸ்றே, காமா கதிர், தோரியம் போன்ற கதிரியக்கப் பொருட்களிலிருந்து வருபவை ஆகியவற்றுக்கு அந்தச் சக்தி உண்டு, அவற்றை அயனாக்கும் கதிர் என்கிறோம். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் எலி ஆய்வுகள் எல்லாம் இந்த இரண்டாம் வகையைப் பற்றியவை. ஆகவே எக்ஸ்றே பட்ட எலியைக் காட்டி டவரைப் பற்றிப் பேசினால் அங்கேயே நிறுத்திவிடலாம். கிளினிக்கில் வயிற்றில் வைத்துப் பார்க்கும் ஸ்கான் வெறும் ஒலி அலை, அதுவும் இந்தக் கணக்கில் வராது. எம்.ஆர்.ஐ.யும் வராது. சீ.ரி. ஸ்கான் வரும், அது எக்ஸ்றேயின் அண்ணன்.

பிறகு அளவைக் கேளுங்கள், கேட்டதும் ஒரே அலகுக்கு மாற்றுங்கள்

உடம்பு எவ்வளவு கதிரை உள்வாங்கியது என்பதைக் கிரே என்ற அலகால் அளக்கிறார்கள். ஒரு கிலோ இழையத்தில் ஒரு யூல் சக்தி இறங்கினால் 1 கிரே. மருத்துவத்தில் பேசுவது அதன் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிகிரே. பழைய ஆய்வுகளை எடுத்தால் ராட் என்று போட்டிருக்கும்: 100 ராட் 1 கிரே, 1 ராட் 10 மில்லிகிரே. அதையும்விடப் பழையதில் ரொன்ட்ஜன் இருக்கும், உடம்பு இழையத்தைப் பொறுத்தவரை அதையும் கிட்டத்தட்ட ராட் போலவே எடுத்துக்கொள்ளலாம். சீவேர்ட் என்று வந்தால், எக்ஸ்றேக்கும் காமாவுக்கும் உடம்பு முழுக்கச் சமமாகப் பட்ட நேரத்தில் கிரேயின் இலக்கமும் அதுவும் ஒன்றுதான். எல்லாவற்றையும் மில்லிகிரேக்கு மாற்றி ஒரு தாளில் எழுதுங்கள். பாதிப் பயம் இந்த இடத்திலேயே தெளிந்துவிடும்.

ஏன் என்றால், எலிக்குட்டிகளின் நடத்தையில் தெளிவான மாற்றம் காட்டிய ஆய்வுகள் பெரும்பாலும் சில நூறு மில்லிகிரேயிலிருந்து 1,000, 2,000 மில்லிகிரே வரை கொடுத்தவை. 100 மில்லிகிரேக்குக் கீழே இறங்கினால், ஒரு கூடத்தில் கண்டதை இன்னொரு கூடத்திலும் காண்பது கடினமாகிவிடுகிறது. இனித் தாய்க்கு எடுக்கும் படங்களைப் பாருங்கள். நெஞ்சு எக்ஸ்றே ஒன்றில் கருவுக்குப் போய்ச் சேர்வது 0.01 மில்லிகிரே, அல்லது அதிலும் குறைவு. கை, கால், கழுத்து என்றால் அதிலும் பத்தில் ஒன்று. வயிற்றுப் படம் 0.1 முதல் 3 வரை, நாரி முள்ளந்தண்டுப் படம் 1 முதல் 10 வரை. வயிறு, இடுப்புச் சீ.ரி. என்றால் பத்துகளில் வரும், சில வேளை 50ஐத் தொடும். ஒன்றுமே எடுக்காமல் வீட்டில் இருந்தாலும், மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும் கருவுக்கு அந்த மாதங்களில் 0.5 முதல் 1 மில்லிகிரே வரை இயற்கையாகவே கிடைக்கும். 1,000 மில்லிகிரே வாங்கிய எலியையும் 0.01 வாங்கிய பிள்ளையையும் ஒரே வசனத்தில் வைத்தால், இடையில் இருக்கும் இலட்சம் மடங்கைச் சொல்லாமல் விழுங்கியதாகிவிடும்.

அளவோடு சேர்த்து இன்னும் இரண்டைப் பாருங்கள். ஒரே அடியாகக் கொடுத்தார்களா, நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்களா? பரவலாகக் கொடுத்தால் கலங்கள் தம்மைத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும், பொதுவாகப் பாதிப்புக் குறையும். மற்றது, எக்ஸ்றேயா அல்லது கனமான துகள்களா? ஜப்பானில் சிபாவில் உள்ள கன அயனி இயந்திரத்தில் கர்ப்ப எலிகளுக்கு 15ஆம் நாளில் காபன், நியோன், ஆகன் அயனிகளைச் செலுத்தி, பிறந்த குட்டிகளின் வளர்ச்சியையும் அனிச்சைச் செயல்களையும் நடையையும் பார்த்திருக்கிறார்கள். விண்வெளிப் பயணம், புற்றுநோய்ச் சிகிச்சை பற்றி யோசிக்கிறவர்களுக்கு அது முக்கியமான வேலை. மல்லாவியில் பல் எக்ஸ்றே எடுத்த தாய்க்கு அதிலிருந்து சொல்ல ஒன்றும் இல்லை.

எந்த நாள்

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி, கனபேர் கேட்காமல் விடுவதும் இதைத்தான்.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடத்தில் லியான் ரசலும் வில்லியம் ரசலும் 1950களின் தொடக்கத்தில் கர்ப்பச் சுண்டெலிகளுக்கு வெவ்வேறு நாட்களில் எக்ஸ்றே கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே அளவு கதிர்தான். கரு கருப்பையில் ஒட்டுவதற்கு முந்திய நாட்களில் கொடுத்தால் கரு அழிந்துபோகும், தப்பினால் பெரும்பாலும் குறையில்லாமல் பிறக்கும். உறுப்புகள் உருவாகும் நாட்களில் கொடுத்தால் உடற்குறைகள் வந்தன, எந்த நாளோ அந்த நாளில் உருவாகிக்கொண்டிருந்த உறுப்பில் குறை. அந்த வேலையிலிருந்துதான், பெண்களுக்கு அவசரமில்லாத வயிற்று எக்ஸ்றேயை மாதவிடாய் தொடங்கி முதல் இரண்டு வாரத்துக்குள் எடுங்கள் என்ற ஆலோசனை பிறந்தது.

நடத்தைக்கு இந்த நாட்கணக்கு இன்னும் நுணுக்கமானது. எலி 21, 22 நாளில் ஈனும். அதன் பெருமூளைப் புறணிக்கான (மூளையின் வெளிப்படை) நரம்புக்கலங்கள் ஏறக்குறைய 13ஆம் நாளிலிருந்து பிரசவத்துக்குக் கிட்டும் வரை பிறக்கின்றன. பிரிந்து பெருகும் அந்த இளங்கலங்கள் கதிருக்கு மிக மென்மையானவை, பட்ட சில மணித்தியாலங்களிலேயே சாகத் தொடங்கும். சாகாமல் தப்பியவற்றில் சில, மூளையின் உட்பக்கத்திலிருந்து மேற்புறத்துக்கு ஏறிப் போகும் வழியில் தடுமாறி, இருக்கக்கூடாத இடத்தில் தங்கிவிடும். 1 கிரேயும் அதற்கு மேலும் 15ஆம் நாளையொட்டிப் பட்ட எலிகளில் புறணி மெலிந்து, மூளை எடை குறைந்து, இரண்டு பக்க மூளையையும் இணைக்கும் நார்ப்பாலம் சிறுத்துக் காணப்படும். அதே அளவைப் பிரசவத்துக்கு முதல்நாள் கொடுத்தால் வேறு விளைவு. பிறந்த பிறகு கொடுத்தால் இன்னும் வேறு: ஜோசப் ஆல்ட்மன் பிறந்த எலிக்குட்டிகளின் சிறுமூளைக்கு எக்ஸ்றே கொடுத்தபோது அங்கே அப்போதுதான் உருவாகும் சிறுமணிக் கலங்கள் அழிந்தன, குட்டிகளின் உடல் ஒருங்கிணைப்புக் குழம்பியது. எலி பிறக்கும்போது அதன் மூளை மனிதப் பிள்ளையின் மூளையைவிட வெகுவாகப் பிந்தியே நிற்கும், கண்கூட இரண்டு கிழமை கழித்துத்தான் திறக்கும். அதனால் எலியின் பிரசவ நாளை எங்கள் பிரசவ நாளோடு நேரடியாகப் பொருத்திப் பார்க்கக்கூடாது.

இரண்டு எச்சரிக்கை. சில கூடங்கள் இணைசேர்ந்ததைக் கண்ட நாளை 0 என்று எண்ணும், சில 1 என்று எண்ணும், ஆகவே இரண்டு ஆய்வுகளின் "15ஆம் நாள்" ஒரே நாளாக இருக்க வேண்டியதில்லை. மற்றது மனிதருக்கு: மனித ஆய்வுகளில் மிக ஆபத்தான காலமாகச் சொல்லப்படும் 8 முதல் 15 வாரம் என்பது கருத்தரித்ததிலிருந்து எண்ணியது. எங்கள் கிளினிக் அட்டையில் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுவார்கள். எனவே அது அட்டையில் 10 முதல் 17 வாரம். இந்த இரண்டு வாரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

"நடத்தை மாறியது" என்றால் என்ன பார்த்தார்கள்?

குரல்பதிவுக்காரர்கள் "துடியாட்டம்" என்பார்கள். ஆய்வாளர் பார்த்தது வேறு. குட்டியை மல்லாக்கப் போட்டால் எத்தனை செக்கனில் திரும்பிக் காலூன்றும். சரிவுப் பலகையில் தலைகீழாக வைத்தால் மேல்நோக்கித் திரும்புமா. மேசை விளிம்பில் வைத்தால் பின்வாங்குமா. எத்தனையாம் நாளில் காது விரிகிறது, கண் திறக்கிறது. வளர்ந்த பிறகு திறந்த வெளிச் சோதனை. கல்வின் ஹோல் 1934இல் தொடங்கிவைத்த முறை அது: வெளிச்சமான ஒரு பெரிய வெற்று அரங்கில் எலியை விட்டு, எவ்வளவு நடக்கிறது, நடுவுக்குப் போகிறதா சுவரோடு ஒட்டி நிற்கிறதா, பயத்தில் எத்தனை புழுக்கை போடுகிறது என்று எண்ணுவது. நீர்ப்புதிர்ச் சோதனையை ரிச்சர்ட் மொரிஸ் 1981இல் வெளியிட்டார்: கலங்கலாக்கிய தண்ணீருக்குள் மறைந்திருக்கும் ஒரு மேடையை எலி நீந்திக் கண்டுபிடித்து, அடுத்தடுத்த நாளில் அந்த இடத்தை நினைவில் வைத்திருக்கிறதா என்று பார்ப்பது. கால் அடிப்பகுதியில் மை தடவித் தாளில் நடக்கவிட்டு நடையையும் அளப்பார்கள்.

கதிர் கூடப் பட்ட எலிகள் பல ஆய்வுகளில் திறந்த வெளியில் அளவுக்கு மிஞ்சி ஓடித் திரிந்தன, அனிச்சைகள் பிந்தி வந்தன, நடை மாறியது, புதிரைக் கற்பதில் பின்தங்கின. ஆனால் நாளையும் அளவையும் சோதித்த வயதையும் பொறுத்து ஓட்டம் கூடியும் குறைந்தும் வந்திருக்கிறது. ஓடித் திரியும் எலியைக் "குழப்படிப் பிள்ளை" ஆக்குவது ஆய்வாளர் செய்ததல்ல, நாங்கள் ஏற்றிவைத்தது.

ஒவ்வொரு சோதனையிலும் ஒரு பொறி இருக்கும். மேடையைப் பிந்திக் கண்டுபிடித்த எலி கற்கவில்லையா, அல்லது கால் பலமில்லாமல் மெதுவாக நீந்தியதா? நல்ல ஆய்வு என்றால் நீந்தும் வேகத்தையும் தந்திருக்கும், மேடை வெளியே தெரியும்படி வைத்தும் ஒருமுறை பார்த்திருக்கும். குட்டி திரும்பிப் படுக்கப் பிந்தினால் மூளையா, எடை குறைந்த மெலிந்த குட்டியா? எடையைப் போட்டிருக்கிறார்களா பாருங்கள். இருபது சோதனை செய்து ஒன்றில் மட்டும் வித்தியாசம் வந்தால், தற்செயலாகவே இருபதில் ஒன்று அப்படி வரக்கூடும் என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

எதோடு ஒப்பிட்டார்கள்

கதிர் கொடுக்கக் கர்ப்ப எலியை ஒரு சின்னப் பெட்டிக்குள் அசையாமல் அடைக்க வேண்டும். அந்த அடைப்பே அதற்கு அச்சம். கர்ப்பகாலத்தில் திரும்பத் திரும்ப அடைத்துவைக்கப்பட்ட எலிகளின் குட்டிகள், கதிரே படாமல், பயந்த சுபாவத்தோடு வளர்வதைக் காட்டிய ஆய்வுகள் நிறைய. அதனால் ஒப்பீட்டுக் குழுவின் தாய்களையும் அதே பெட்டியில், அதே நேரம், அதே இயந்திரத்துக்குக் கீழே, கதிரை மட்டும் திறக்காமல் வைத்திருக்க வேண்டும். கூட்டில் சும்மா இருந்த தாய்களோடு ஒப்பிட்டால் கதிரின் பங்கையும் பயத்தின் பங்கையும் பிரிக்கவே முடியாது. கதிர் பட்ட தாய் சுகமில்லாமல் குட்டிகளை ஒழுங்காக நக்காமல் பால் கொடுக்காமல் விடலாம், அதுவும் நடத்தையை மாற்றும். கவனமான ஆய்வாளர் குட்டிகளைக் கதிர் படாத வேறு தாயிடம் மாற்றி வளர்ப்பார்.

இதைப் படிப்பிக்கும்போதெல்லாம் எனக்கு 2009 ஞாபகம் வரும், எங்கள் ஊரில் வேறு எப்படி யோசிப்பது? அந்த வருடம் முள்ளிவாய்க்கால் பதுங்குகுழிகளில் கஞ்சியோடு வயிற்றுப் பிள்ளையைச் சுமந்து, மனிக் பாம் முகாமில் பெற்றெடுத்த தாய்மார் இருக்கிறார்கள், அந்தப் பிள்ளைகள் படித்து வளர்ந்து நிற்கிறார்கள். அவர்களில் யாராவது படபடப்பாக இருந்தால் உடனே ஏதோ ஒரு கதிரையோ புகையையோ காரணம் சொல்லும் அவசரம் சிலருக்கு வருகிறது. பசி, ஷெல் சத்தம், நித்திரையின்மை, இழப்பு, பிறகு முட்கம்பிக்குள் வாழ்வு. இவ்வளவும் ஒன்றாக விழுந்த இடத்தில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துக் குற்றம் சாட்ட எந்த ஆய்வாலும் முடியாது. அதோடு, ஒரு பிள்ளையின் முகத்துக்கு நேரே "நீ வயிற்றிலேயே பழுதாகிவிட்டாய்" என்று சொல்வதைப் போன்ற கொடுமை இல்லை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இன்னொரு கேள்வி உண்டு: எத்தனை குட்டி என்று பார்க்காதீர்கள், எத்தனை தாய் என்று பாருங்கள். ஒரே ஈற்றுக் குட்டிகள் ஒரே வயிறு, ஒரே பால், ஒரே கூடு. நான்கு தாய்களின் நாற்பது குட்டிகளை வைத்துக்கொண்டு "நாற்பது விலங்குகள்" என்று எழுதினால் அந்த ஆய்வில் உண்மையாக இருப்பது நான்குதான். பழைய ஆய்வுகள் பல இந்த இடத்தில் வழுக்கியிருக்கின்றன.

இதைக் கையால் செய்து பார்க்கலாம், கதிரே இல்லாமல். பாடசாலைச் செயற்றிட்டத்துக்கும் உதவும். நாலைந்து வீடுகளில் அடைவைத்துப் பொரித்த, ஒரே கிழமை வயதுள்ள குஞ்சுகளை எடுங்கள். சீமெந்துத் தரையில் சோக்கட்டியால் சம சதுரங்கள் கீறி, சுற்றிவர மட்டைப்பெட்டியால் மறைத்து, ஒவ்வொரு குஞ்சாக நடுவில் விட்டு ஐந்து நிமிடத்தில் எத்தனை கோடு தாண்டுகிறது, எத்தனை முறை தாயைத் தேடிக் கத்துகிறது என்று எண்ணுங்கள். எண்ணுகிறவருக்கு எந்தக் குஞ்சு எந்தக் கோழியுடையது என்று தெரியக்கூடாது, இரண்டு பேர் தனித்தனியே எண்ணிப் பிறகு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு குஞ்சுக்குப் பிறகும் தரையைத் துடையுங்கள். வெயில் ஏற முதல் காலையிலேயே முடித்துவிட்டு உடனே தாயிடம் விடுங்கள். முடிவைக் கோழி வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஒரே கோழியின் குஞ்சுகள் ஒன்றையொன்று ஒத்துப்போவது எவ்வளவு என்று நீங்களே கண்டுகொண்டால், ஈற்றுக் கணக்கை ஒருநாளும் மறக்கமாட்டீர்கள். வயல் எலியைப் பிடித்து மட்டும் செய்யவேண்டாம், எலிக்காய்ச்சல் எங்கள் பக்கத்தில் விளையாட்டான விசயமல்ல.

எலியிலிருந்து மனிதருக்கு

மனிதரைப் பற்றி நாம் அறிந்ததில் கனமானது 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா, நாகசாகியில் வயிற்றில் இருந்த பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்ததிலிருந்து வந்தது. ஏறக்குறைய 1,600 பேர். அவர்களில் 30 பேருக்குக் கடுமையான அறிவுவளர்ச்சிக் குறைபாடு. ஒட்டாக்கே, ஷல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1984இல் அதை வாரங்களாகப் பிரித்துக் காட்டினார்கள்: கருத்தரித்து 8 முதல் 15 வாரத்தில் பட்டவர்களில் பாதிப்பு மிகக் கூட, 16 முதல் 25இல் அதைவிடக் குறைவு, 8க்கு முன்னரும் 25க்குப் பின்னரும் பட்டவர்களில் அந்தக் கடுமையான குறைபாடு கூடியதாகத் தெரியவில்லை. எலியில் 15ஆம் நாளையொட்டிக் கண்ட அதே கதைதான், புறணிக் கலங்கள் பெருகி ஏறும் காலம். விலங்கு ஆய்வின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது. எந்தக் காலம் ஆபத்தானது, ஏன் என்பதை அது சரியாகக் காட்டியது. மனிதப் பிள்ளை வகுப்பில் எப்படி இருப்பான் என்று அது காட்டாது.

8 முதல் 15 வாரத்தில் 1 கிரே பட்டால் நுண்ணறிவு ஈவில் 25 முதல் 30 புள்ளி வரை இறங்கும் என்பது அவர்களின் கணிப்பு. அதை நேர்கோடாகவே எடுத்து, அந்த வாரங்களிலேயே 10 மில்லிகிரே பட்ட ஒரு பிள்ளைக்குக் கணக்குப் போட்டாலும் கால் புள்ளி அளவுதான் வரும். எந்தப் பரீட்சையாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. கதிரியல் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு 2000இல் தெளிவாகவே சொன்னது: கருவுக்கு 100 மில்லிகிரேக்குக் கீழே பட்டிருந்தால் கர்ப்பத்தைக் கலைக்க அது ஒரு காரணமல்ல.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்றும் சொல்லமாட்டேன். 1986 செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு சுவீடனில் கதிரியக்கப் படிவு கூடிய பகுதிகளில் அந்த 8 முதல் 25 வாரக் கட்டத்தில் வயிற்றில் இருந்த பிள்ளைகளின் பாடசாலைப் பெறுபேறு, குறிப்பாகக் கணிதம், குறைந்திருந்ததாக 2009இல் பொருளியலாளர் சிலர் வெளியிட்டார்கள். அங்கே பட்ட கதிர் மிக மிகச் சொற்பம். மேலே சொன்ன கேள்விகளை இதன்மேல் போட்டுப் பாருங்கள். நாள்: சரியாகப் பொருந்துகிறது, அதனால்தான் தள்ளிவிட முடியவில்லை. அளவு: ஆளுக்கு ஆள் அளந்ததல்ல, பிரதேசத்தை வைத்துச் சொன்னது. பார்த்தது: பரீட்சைப் புள்ளி, மூளையையல்ல. என்னைப் பொறுத்தவரை, குறைந்த அளவு பற்றிய கேள்வியைத் திறந்து வைத்திருக்க அது போதும், ஒரு தாயை நெஞ்சு எக்ஸ்றேக்குப் போகவிடாமல் தடுக்கப் போதாது.

புல்மோட்டை மணலைப் பற்றி

கொக்கிளாய், நாயாறுப் பக்கத்தவர்கள் கேட்பது இது. புல்மோட்டைக் கனிம மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் ஆகியவற்றோடு மொனசைட்டும் கொஞ்சம் உண்டு, மொனசைட்டில் தோரியம் உண்டு, ஆகவே கதிரும் உண்டு. இதே வகை மணல் இன்னும் செறிவாக உள்ள கேரளக் கரையில் தலைமுறை தலைமுறையாக வாழும் வீட்டெலிகளைக் குருனெபர்க் குழுவினர் 1966இல் ஆராய்ந்தார்கள், மண்டையோடு, பல், எலும்பு எல்லாம் அளந்து. கதிர் கூடிய பகுதி எலிக்கும் குறைந்த பகுதி எலிக்கும் இடையே கதிரைக் குற்றம் சொல்லும்படியான வித்தியாசம் கிடைக்கவில்லை. அவர்கள் பார்த்தது உடலமைப்பை, நடத்தையை அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மணலை அள்ளி வந்து வீட்டுத் தரைக்குப் போடுவதைத் தவிருங்கள், கடற்கரையில் நடப்பதைத் தவிர்க்க வேண்டியதில்லை.

ஏற்கனவே எக்ஸ்றே எடுத்தாயிற்று என்றால்

எடுத்த திகதி, எந்தப் பகுதி, எத்தனை படம், சாதாரண எக்ஸ்றேயா சீ.ரி.யா, அட்டையின்படி அன்று எத்தனையாவது வாரம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு கிளினிக் டொக்டரிடம் போங்கள். வயிறு, இடுப்பு, நாரி அல்லாத படம் என்றால் பெரும்பாலும் அந்த இடத்திலேயே பதில் கிடைத்துவிடும். வயிற்றுச் சீ.ரி. என்றால், அல்லது பல படங்கள் என்றால், ஆஸ்பத்திரியின் கதிரியல் பிரிவால் கருவுக்குப் போன அளவைக் கணக்கிட்டுத் தரச் சொல்லிக் கேட்கலாம், கேட்பது உங்கள் உரிமை. பயத்தில் யாருக்கும் தெரியாமல் குளிசை வாங்கிப் போட்டுக் கலைக்கப் பார்க்காதீர்கள். எக்ஸ்றேயைவிடப் பெரிய ஆபத்து அதில்தான் இருக்கிறது, தாய்க்கு.

இன்னும் எடுக்கவில்லை, கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் என்றால், எடுக்கும் அறைக்குள் போகுமுன் வாய்திறந்து சொல்லுங்கள். மாமி பக்கத்தில் நிற்கிறார் என்று வெட்கப்பட வேண்டாம். அவசரமில்லாத படத்தைத் தள்ளிப்போடுவார்கள், அவசரமானதைக் கருவுக்குப் போகும் கதிரைக் குறைத்தோ வேறு வழியிலோ எடுப்பார்கள். சயரோகச் சந்தேகம், விபத்து, மூச்சுத் திணறல் என்றால் தள்ளிப்போடாதீர்கள், தாய்க்குக் கிடைக்காத வைத்தியம் வயிற்றில் இருப்பதையும் சேர்த்தே பாதிக்கும்.

இரண்டு விசயம் மட்டும் இந்த ஆறுதலுக்கு வெளியே நிற்பவை. புற்றுநோய்க்குத் தெல்லிப்பழையிலோ மகரகமவிலோ இடுப்புப் பக்கம் கதிர்ச் சிகிச்சை எடுப்பது, தைரொயிட்டுக்குக் கதிரியக்க அயடீன் குடிப்பது. அவற்றில் கருவுக்குப் போகும் அளவு எலி ஆய்வுகளின் அளவுக்கே வரக்கூடும், அயடீன் பத்தாம் வாரத்துக்குப் பிறகு பிள்ளையின் தைரொயிட்டையே அழித்துவிடும், தைரொயிட் இல்லாமல் மூளை ஒழுங்காக வளராது. இவற்றுக்கு முன் கர்ப்பப் பரிசோதனை கட்டாயம், யாரும் கேட்காவிட்டால் நீங்களே கேட்டுச் செய்யுங்கள்.

வளர்ப்பு விலங்குகளுக்கும் ஒரு வார்த்தை. சினை ஆட்டையோ மாட்டையோ கால்நடை வைத்தியர் ஸ்கான் பண்ணினால் பயமில்லை, அதுவும் ஒலிதான். சினை நாய்க்குக் கடைசி நாட்களில் எத்தனை குட்டி என்று எண்ண எக்ஸ்றே எடுப்பதுண்டு, குட்டிகளின் எலும்பு படத்தில் தெரியத் தொடங்குவது 45 நாளுக்குப் பிறகுதான், ஒரு படத்தின் அளவும் சொற்பம். ஆனால் நாயை அமத்திப் பிடிக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டால் கர்ப்பிணியோ பதினெட்டு வயது ஆகாத பிள்ளையோ போகக்கூடாது, வேறு யாராவது ஈய மேலங்கி போட்டுக்கொண்டு பிடிக்கட்டும்.